பக்கி ஆட்டுப்பால் குடிக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் மாட்டுக் கொட்டகை விளக்கில் பூச்சி மொய்ப்பது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது, ராத்திரியில் பூச்சி தின்னும் பக்கியைப் பற்றிக் கடைசியில் நான்கு வரி சேர்த்திருந்தேன். கோமாரிக்கும் குடற்புழுவுக்கும் வருவதைவிட அதிகக் கடிதங்கள் அந்த நான்கு வரிக்கு வந்துவிட்டன. பென்னாகரம் வட்டாரத்தில் முப்பத்தி நாலு வருஷம் கால்நடை மருத்துவராக ராத்திரி பகல் பார்க்காமல் சுற்றியவன் நான். அத்தனை ராத்திரியிலும் எனக்குத் துணைக்கு வந்த பறவை இது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்கப் பக்கிக்கே. மற்ற கேள்விகளுக்கு அடுத்த இதழில் கண்டிப்பாகப் பதில் உண்டு.

கல்லூரியில் விலங்கியல் படிக்கும் என் மகள், பக்கியின் விஞ்ஞானப் பெயருக்கு ‘ஆட்டுப்பால் கறப்பது’ என்று அர்த்தம் என்கிறாள். எங்களிடம் இருபது வெள்ளாடு இருக்கிறது. இருட்டியதும் பட்டியைச் சுற்றி இந்தப் பறவை தாழ்வாகப் பறப்பதை நானே பார்த்திருக்கிறேன். போன வாரம் ஒரு ஆட்டுக்கு மடி ஒரு பக்கம் வீங்கிவிட்டது. உண்மையிலேயே பால் குடிக்குமா ஐயா?
– ஆடு வளர்ப்பவர், அஞ்செட்டி

குடிக்காது. ஆனால் முதலில் உங்கள் ஆட்டைப் பார்ப்போம். மடி ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் சுடுகிறதா? பீய்ச்சினால் பால் திரிதிரியாகவோ ரத்தம் கலந்தோ வருகிறதா? அப்படியானால் அது மடிநோய். கிருமியால் வருவது. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஆட்டை மருந்தகத்துக்கு ஓட்டிப் போங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். அந்த ஆட்டைக் கடைசியாகக் கறங்கள். கறந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தப் பாலைத் தரையில் பீய்ச்சி விடாதீர்கள், அடுத்த ஆடு அதே இடத்தில்தான் படுக்கும்.

உங்கள் மகள் சொன்னது சரி. காப்ரிமுல்கஸ் என்பது லத்தீன் சொல். காப்ரா என்றால் வெள்ளாடு, முல்கேரே என்றால் கறப்பது. கிரேக்கத்து அரிஸ்டாட்டிலே, இந்தப் பறவை ஆட்டு மடியில் வாய் வைக்கும், பிறகு மடி வற்றிப்போகும், ஆட்டுக்குக் கண் தெரியாமல் போகும் என்று எழுதி வைத்திருக்கிறார். ரோமாபுரியின் பிளினியும் அதையே எழுதினார். பின்னால் பறவைகளுக்கு முறையாகப் பெயர் வைத்தவர்கள் அந்தப் பழியையே பெயராக்கிவிட்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் பெயர் போகவில்லை.

பழி எப்படி வந்தது என்பது நம்மைப் போல ஆடு மாடோடு இருப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பட்டி என்றால் புழுக்கை, மூத்திரம், ஈரம், அதன்மேல் கொசுவும் வண்டும் அந்துப்பூச்சியும். பூச்சி இருக்கும் இடத்துக்குப் பக்கி வரும். படுத்திருக்கும் ஆட்டின் வயிற்றுக்குக் கீழே கூடப் புகுந்து புறப்படும். மறுநாள் காலையில் ஒரு ஆட்டுக்கு மடி வீங்கியிருந்தால் ராத்திரி வந்த பறவைமேல் சந்தேகம் விழுவது இயல்புதானே? அப்புறம் அந்தக் கண் தெரியாத சங்கதி. பசுந்தீவனமே இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்த சருகைத் தின்னும் ஆட்டுக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்து மாலைக்கண் வரும். கடும் கோடையில் நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். பக்கிக்கு அதில் சம்பந்தமே கிடையாது.

அதன் வாய் பால் உறிஞ்சும் வாயும் அல்ல. இதை நான் கையில் பிடித்துப் பார்த்தவன். 1993, ஐப்பசி மாதம். ஒகேனக்கல் சாலையோரம் ஒரு வீட்டில் பசுவுக்குக் கன்று குறுக்கே கிடந்து வெளியே வரவில்லை. மூன்று மணி நேரம் போராடி எடுத்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் டிவிஎஸ் 50-ல் திரும்பிக்கொண்டிருந்தேன். கன்று பிழைத்த சந்தோஷத்தில் வண்டியைக் கொஞ்சம் முடுக்கித்தான் வந்தேன். சாலை நடுவில் ஒரு சிவப்புப் பொறி தெரிந்தது. அது என்ன என்று மனதில் படுவதற்குள் முன்சக்கரத்தில் பட்டுவிட்டது.

இறங்கி டார்ச் அடித்தேன். உயிர் போய்விட்டது, உடம்பு சூடாக இருந்தது. தூக்கினால் ஒரு கோழிமுட்டைக் கனம்தான். அலகு பார்க்கச் சின்னது, ஆள்காட்டி விரலின் நகத்தைவிடக் குட்டை. ஆனால் விரலால் மெல்லத் திறந்தபோது வாய் கண்ணுக்குக் கீழே வரை பிளந்தது. என் கட்டைவிரல் முழுசாக உள்ளே போகும். உள்ளே வெளிர் ரோஜா நிறம். வாயைச் சுற்றிப் பூனை மீசை போல விறைப்பான முடிகள். நாக்கின் மேல் பாதி விழுங்கிய ஈசல் ஒன்று, அதன் இறக்கை இன்னும் ஈரமாகாமல் இருந்தது. காலைப் பார்த்தேன். அத்தனை பெரிய இறக்கைக்கு அவ்வளவு சின்னக் கால், நடக்கவே லாயக்கில்லை. நடுவிரல் நகத்தின் உள்விளிம்பில் பேன்சீப்பு மாதிரி வரிசையாகப் பற்கள் இருந்தன. இறகு கோதுவதற்கு அந்தச் சீப்பு.

இறகின் நிறத்தைச் சொல்ல எனக்கு இன்றுவரை ஒரு சொல் கிடைக்கவில்லை. சாம்பல், பழைய கோணி, காய்ந்த புளிய இலை, கரையான் அரித்த பட்டை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியது போல இருந்தது. பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அந்தச் சாலையில் இரவில் இருபதுக்கு மேல் போனதில்லை.

தொப்பூர் பக்கம் கிராமச் சாலைகளில் இரவு லோடு அடிக்கும்போது, தூரத்தில் சாலையில் தணல் கிடப்பது போலத் தெரிகிறது. கிட்டப் போனால் எழுந்து பறக்கிறது. இவ்வளவு காடு இருக்க, ஏன் தார் ரோட்டில் வந்து உட்காருகிறது?
– லாரி ஓட்டுநர், தொப்பூர்

நீங்கள் பார்த்த தணல் அதன் கண். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும். அதனால் குறைந்த வெளிச்சத்திலும் பூச்சி தெரிகிறது, உங்கள் ஹெட்லைட் பட்டால் சிவப்பாக மின்னுகிறது. மாட்டுக்கும் பூனைக்கும் இதே ஏற்பாடுதான்.

பக்கி பூச்சியைக் கீழே தேடாது. தரையில் உட்கார்ந்து மேலே பார்க்கும். வானத்தில் மிச்சமிருக்கும் வெளிச்சத்துக்கு எதிரே பூச்சி கறுப்பாகத் தெரிந்ததும் எம்பிப் பறந்து, வாயைத் திறந்தபடி அள்ளிக்கொண்டு திரும்ப அதே இடத்துக்கு வந்து உட்காரும். அதற்கு மேலே மறைப்பில்லாத வெட்டவெளி வேண்டும். முன்பு வண்டித்தடமும் களமும் இருந்தன, இப்போது தார்ச்சாலை. பகலில் ஏறிய சூடும் அதற்குப் பிடிக்கிறது என்பார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிவப்புப் பொறி தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, டிம் அடியுங்கள். முழு வெளிச்சத்தில் அதற்குக் கண் கூசி எந்தப் பக்கம் எழுவது என்று தெரியாது. டிம்மில் எழுந்துவிடும். வளைவில் பின்னால் வண்டி வந்தால் சடன் பிரேக் போடாதீர்கள், உங்கள் உயிர் முக்கியம்.

எங்கள் மாந்தோப்பில் சருகின் மேல் இரண்டு முட்டை பார்த்தேன். கூடே இல்லை. அப்பா அது பக்கி முட்டை என்றார். கூடு கட்டத் தெரியாத பறவை எப்படிப் பிழைக்கிறது? பாம்பு, காக்காய் எதுவும் எடுக்காதா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, காவேரிப்பட்டணம்

நல்ல கேள்வி பாப்பா. அப்பா சரியாகச் சொல்லியிருக்கிறார். லேசான ரோஜா நிறத்தில் செம்மண் திட்டுத் திட்டாக இருந்ததா? அப்படியானால் பக்கி முட்டைதான்.

உங்கள் ஊர்ப் பக்கமே எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தோத்தாபுரி மாந்தோப்பு ஒன்றில் கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுவிட்டு நடந்து வந்தேன். சித்திரை மாதம், மத்தியானம். என் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் சருகு ஒன்று எழுந்து பறந்தது. நிஜமாகவே எனக்கு அப்படித்தான் பட்டது. பத்தடி தள்ளி விழுந்து, இறக்கை ஒடிந்தது போலப் புழுதியில் அடித்துக்கொண்டது. முட்டையிடமிருந்து நம்மை இழுத்துக்கொண்டு போக அது செய்யும் வேலை அது. அதன் பின்னால் போகாமல் நின்ற இடத்திலேயே குனிந்தேன். எழுந்த இடம் தெரியும், என் காலடி தெரியும், இருந்தும் முட்டை கண்ணில் பட நான்கு நிமிடம் ஆனது. இரண்டு முட்டை, ஒரு மாவிலையின் மேல் ஒன்று, பக்கத்தில் இன்னொன்று.

தோப்புக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று சாயங்காலம் சருகைக் கூட்டிக் கொளுத்துவதாக இருந்தார். ஒன்றும் பேசாமல் போய் நான்கு கல் எடுத்து வந்து, ஆறடி தள்ளிச் சுற்றிலும் வைத்தார். இந்தச் சதுரத்துக்குள் யாரும் துடைப்பம் வைக்கக்கூடாது என்று ஆட்களிடம் சொல்லிவிட்டார். மூன்று வாரம் கழித்து நான் போனபோது, கல்லுக்கு வெளியே இரண்டு குஞ்சு. பொரித்த சில நாளிலேயே குஞ்சுகள் தாய் கூப்பிடும் பக்கம் தத்தித் தத்தி நகரும். அவையும் மண்ணும் சருகுமாகத்தான் இருந்தன.

கூடு இருந்தால் அது ஒரு அடையாளம். காக்காய்க்கும் ஓணானுக்கும் பையன்களுக்கும் அங்கே ஏதோ இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிடும். பக்கிக்கு அந்த அடையாளமே வேண்டாம். முட்டை மேல் உட்கார்ந்து, பெரிய கண்ணைக் கோடாகச் சுருக்கிக்கொள்ளும். கண் பளபளத்தால் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா? மிதிக்கும் தூரம் வரும் வரை அசையாது. மரத்தில் உட்கார்ந்தாலும் மற்றப் பறவை போலக் கிளைக்குக் குறுக்கே உட்காராமல், கிளையோடு கிளையாக நீளவாக்கில் படுத்துக்கொள்ளும்.

இன்னொரு செய்தி உனக்குப் பிடிக்கும். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் பக்கிகளையும் தரையில் முட்டையிடும் வேறு சில பறவைகளையும் படம் பிடித்து, இறகின் நிறத்தையும் சுற்றியுள்ள தரையின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. ஒரே இனத்துக்குள்ளேயே ஒவ்வொரு பறவையும் தன் தன் நிறத்துக்கு எது பொருந்துமோ அந்த மாதிரி இடமாகப் பார்த்து உட்காருகிறதாம். கண்ணாடி பார்க்காத பறவைக்குத் தன் நிறம் எப்படித் தெரிகிறது? அதைக் கண்டுபிடிக்கும் வேலையை நீ பெரியவளானதும் எடுத்துக்கொள்.

முட்டையைத் தொடாதே. தினம் போய்ப் பார்க்காதே. உன் காலடி வழி பிடித்து நாய் வரும்.

பாலக்கோட்டிலிருந்து வந்து அந்தமானில் கொத்தனார் வேலை பார்க்கிறேன். ஊரில் ராத்திரி கேட்கும் ‘கோலிக்குண்டு’ சத்தம் இங்கே இல்லை. காட்டோரம் வேறு மாதிரி ஒரே சீராகத் தட்டுகிறது. ஒரு நாள் டார்ச்சில் பார்த்தேன், அச்சு அசலாக நம்மூர்ப் பக்கி. அதே பறவைதானா?
– வாசகர், போர்ட் பிளேர் (ஸ்ரீ விஜயபுரம்)

உங்கள் காதுக்கு ஒரு கும்பிடு. பக்கியைப் பக்கியிலிருந்து பிரித்துச் சொல்ல முக்கியமான வழியே குரல்தான். கண் ஏமாறும், காது அவ்வளவாக ஏமாறாது.

நம்மூரில் சாதாரணமாகக் கேட்பது இந்தியப் பக்கி. சிமெண்ட் தரையில் கோலிக்குண்டை விட்டால் டுக்… டுக்… டுக்-டுக்-டுக்டுக்டுர்ர்ர் என்று துள்ளித் துள்ளி அடங்குமே, அதே சத்தம். நீங்கள் அங்கே பார்த்தது அந்தமான் பக்கியாக இருக்கும். உலகத்தில் அந்தத் தீவுக்கூட்டத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. 1873இல் அதற்குப் பெயர் வைத்தவர் ஏ. ஓ. ஹியூம். ஆமாம், 1885இல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாக இருந்தாரே, அதே ஹியூம்தான். பறவைகள் என்றால் அவருக்கு உயிர். அந்த வருஷம் அவரே கப்பலேறி அந்தமான், நிக்கோபார் தீவுகளைச் சுற்றி வந்தார்.

பின்னால் வந்தவர்கள் இதைத் தனி இனம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. வடகிழக்கு இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடக்கு வரை இருக்கும் பெரியவால் பக்கியின் ஒரு வகை என்று நீண்ட காலம் அதோடு சேர்த்து வைத்திருந்தார்கள். குரல் வேறாக இருக்கிறது என்பதைக் கவனித்துத்தான் மறுபடி பிரித்தார்கள். கொத்து வேலை முடித்த அலுப்பிலும் நீங்கள் கவனித்தீர்களே, அதே வித்தியாசம்.

குரலின் மகிமைக்கு இன்னொரு தீவுக் கதை இருக்கிறது. கரீபியன் கடலில் புவேர்ட்டோ ரிக்கோ என்று ஒரு தீவு. 1888இல் அங்கே ஒரு பக்கி கிடைத்தது, ஒரே ஒரு உடல். வேறு ஏதோ பக்கி என்று அதை வைத்துவிட்டார்கள். குகையில் கிடைத்த பழைய எலும்புகளை ஆராய்ந்த அலெக்சாண்டர் வெட்மோர் என்பவர், 1919இல் இது தனி இனம் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தபோது அது அழிந்துபோன இனம் என்றே நினைத்தார்கள். பறவையின் பெயர்ப் பதிவே இரங்கல் பதிவு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு 1961இல், தீவின் தென்மேற்கே குவானிக்கா என்ற இடத்தில் ஜார்ஜ் ரெய்னார்ட் என்பவர் ராத்திரியில் ஒலிப்பதிவு செய்தபோது யாரும் அடையாளம் சொல்ல முடியாத ஒரு குரல் விழுந்தது. குரலைப் பிடித்துக்கொண்டு தேடினார்கள். பறவை உயிரோடு இருந்தது. அத்தனை வருஷமும் ஒவ்வொரு இரவும் அது அங்கேயே கத்திக்கொண்டு இருந்திருக்கிறது. நின்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த குவானிக்கா காட்டின் படத்தைப் பார்த்தால், பென்னாகரத்துக்குக் கீழே பங்குனியில் எடுத்தது என்றே சொல்வீர்கள். தீவு என்றதும் மழைக்காடும் தென்னையும் மனதில் வரும். இது அப்படி இல்லை. மழை குறைவு, வளராத மரம், முள், கள்ளி, பாறை, தரை முழுக்கச் சருகு. பக்கியின் முட்டை அந்தச் சருகின் மேல், மரநிழலில் இருக்கும். ஒன்று அல்லது இரண்டு. பெரும்பாலும் அடைகாப்பது சேவல். நம்மூர் மலையடிவாரத்து முள்காட்டை ‘ஒன்றுக்கும் உதவாத காடு’ என்று சொல்பவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம் ஞாபகம் வரும்.

நீங்கள் கேட்டதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தேதி, நேரம், இடம், நிலா இருந்ததா இல்லையா. கையில் போன் இருந்தால் குரலைப் பதிவு செய்யுங்கள்.

கீரி வெளிநாட்டுத் தீவுகளில் பக்கிக்கு எமன் என்று எழுதியிருந்தீர்கள். கீரியைப் பார்த்தாலே நல்ல சகுனம் என்போம் நாங்கள். வயலில் எலி, பாம்பு பிடிக்கிறது. அதைப் போய்க் குறை சொல்லலாமா?
– விவசாயி, காரிமங்கலம்

கீரியை நான் குறை சொல்லவே மாட்டேன். என் வீட்டு வேலிக்குள்ளேயே ஒரு குடும்பம் இருக்கிறது. கீரி தானாகக் கடல் தாண்டவில்லை, மனிதர்கள் கொண்டுபோனார்கள். அதுவும் எங்கிருந்து தெரியுமா? நம் நாட்டிலிருந்து.

ஜமைக்கா தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தார்கள் வெள்ளைக்காரர்கள். எலித் தொல்லை தாங்கவில்லை. எஸ்பியூட் என்ற தோட்ட முதலாளி 1872இல் கல்கத்தாவிலிருந்து கீரிகளைக் கப்பலில் வரவழைத்தார். மொத்தம் ஒன்பது. நான்கு ஆண், ஐந்து பெண். கரும்புக்குள் விட்டார். பெருகியது. எலி குறைந்ததைப் பார்த்து மற்றத் தீவுக்காரர்களும் ஜமைக்காவிலிருந்து வாங்கிப் போனார்கள். 1877 வாக்கில் புவேர்ட்டோ ரிக்கோ, 1883இல் பசிபிக் கடலில் ஹவாய் வரைக்கும்.

கணக்கு எங்கே தப்பியது என்பதைக் கரும்பு போட்ட உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எலி ராத்திரிக்காரன், கீரி பகல்காரன். கரும்பு எலிக்கு மரம் ஏறவும் தெரியும். கொஞ்ச நாளில் எலி மேலே போய்விட்டது. பகலில் கீழே கிடைப்பது என்ன? ஓணான், பாம்பு, தரையில் முட்டையிடும் பறவை. நம்மூர்ப் பக்கிக்குக் கீரி புதுசில்லை, இங்கே இரண்டும் ஆதிகாலம் முதல் ஒன்றாகவே வாழ்கின்றன. கீரி மாதிரி ஒரு மிருகத்தையே பார்த்திராத தீவுப் பறவைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அசையாமல் கிடந்தால் பருந்து ஏமாறும். மோப்பம் பிடித்து வருபவனிடம் அது பலிக்குமா?

ஜமைக்காவுக்கென்றே ஒரு சின்னப் பக்கி இருந்தது. உறுதியான பதிவு என்றால் 1860ஆம் வருஷத்தோடு சரி. அதாவது கீரி வருவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே அரிதாகிவிட்டது. எனவே முழுப் பழியையும் கீரிமேல் போடுவது நியாயமில்லை. அதற்கும் முன்னால் கப்பலில் வந்த எலிகள் இருந்தன, காடு வெட்டியதும் இருந்தது. தப்பிப் பிழைத்திருந்த கொஞ்சநஞ்சத்துக்கும் கீரி வந்து சேர்ந்தது, அவ்வளவே. புவேர்ட்டோ ரிக்கோ பக்கியை 1973 முதல் அழியும் நிலையில் உள்ள இனமாக அமெரிக்க அரசு காத்து வருகிறது. அங்கேயும் கீரியும் பூனையும் புதுக் கட்டடங்களும் இன்றைக்கும் கவலைதான்.

ஊர்ப்பக்கம் நமக்கு இதே மாதிரி வேலையைச் செய்பவை தெருநாய்கள். மலையடிவாரக் கிராமங்களில் கூட்டமாகக் காட்டுக்குள் போய் வருகின்றன. உங்கள் நாயை ராத்திரியில் கட்டி வையுங்கள். இதை மருத்துவராகவும் சொல்கிறேன், வெறிநாய்க்கடி ஊசி போட்டு வைத்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கி கத்தினால் வீட்டில் சாவு விழும் என்கிறார் என் மாமியார். நிறைமாதமாக இருக்கிறேன். பயமாக இருக்கிறது.
– வாசகி, ஊத்தங்கரை

பயப்படாதீர்கள் அம்மா. அது கத்துவது தன் துணையைக் கூப்பிட, இது என் எல்லை என்று சொல்ல. உங்கள் வீட்டுக்கும் அதற்கும் ஒரு சேதியும் இல்லை. ஆயிரம் பிரசவம் பார்த்திருக்கிறேன், ஆடு மாடு பிரசவம்தான். பாதிக்கு மேல் ராத்திரியில், பக்கி கத்திக்கொண்டிருக்கும்போதே நல்லபடியாக நடந்தவை.

இந்தப் பயம் நம்மூரில் மட்டும் இல்லை. இந்தோனேசியாவில் சுலவேசி என்ற தீவில் மலைக்காட்டுப் பக்கி ஒன்று இருக்கிறது. அதன் குரல், மனிதனின் கண்ணைப் பிடுங்கும் சத்தம் போல இருக்கிறது என்று அங்கத்து மக்கள் பயந்தார்களாம். 1931இல் கெர்ட் ஹைன்ரிச் என்பவர் ஒரே ஒரு பறவையைச் சேகரித்தார். அதற்கு வைத்த விஞ்ஞானப் பெயரிலேயே சாத்தான் வந்துவிட்டான். அறுபது வருஷத்துக்கு மேல் அந்த ஒரு உடல்தான் ஆதாரம். 1996இல் லோரே லிண்டு தேசியப் பூங்காவில் மறுபடி உயிரோடு பார்த்தார்கள். சாத்தான் என்று பெயர் வாங்கிய அந்தப் பறவை செய்வதெல்லாம், காட்டுத் தரையில் ஒரு முட்டையிட்டு, பூச்சி தின்று, தன் குஞ்சை வளர்ப்பதுதான். மாமியாரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவருக்கும் பிடிக்கும். பிரசவம் ஆனதும் எழுதுங்கள்.

தோட்டத்தில் கிடந்த பக்கிக்குஞ்சை என் பையன் எடுத்து வந்துவிட்டான். சோறு ஊட்டுகிறோம், வாயே திறக்கவில்லை.
– வாசகர், அரூர்

எடுத்த இடத்திலேயே இன்றைக்கே, இருட்டும் முன் வைத்துவிடுங்கள். தாய் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும், மனித வாடை பட்டால் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா. சோறும் பாலும் கொடுக்காதீர்கள். பறக்கும் பூச்சியைத் தின்று வளரும் குஞ்சு அது. அடிபட்டிருந்தால் அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறையிடம் கொடுங்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. பையனைத் திட்ட வேண்டாம். திருப்பி வைக்கும்போது அவனையும் கூட்டிப் போங்கள்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பக்கியின் குரலைக் கேட்கக் காட்ட வேண்டும். நம் மாவட்டங்களில் எங்கே, எப்போது போகலாம்?
– ஆசிரியை, கிருஷ்ணகிரி

காட்டுக்குள் போகவே வேண்டாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, ஒகேனக்கல் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உண்டு. காவிரி வடக்கு, காவிரி தெற்குச் சரணாலயங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவும் முடியாது. பிள்ளைகளோடு அந்தி நேரத்தில் அந்தப் பக்கம் கூடவே கூடாது. ஊருக்கு வெளியே கரடு, பக்கத்தில் புஞ்சை அல்லது மாந்தோப்பு, தெருவிளக்கு இல்லாத இடமாக ஒன்று பாருங்கள். உங்கள் ஊரைச் சுற்றி அப்படிப்பட்ட கரடு நிறைய இருக்கிறது. கல் உடைக்கும் இடமாக மட்டும் இருக்க வேண்டாம்.

மாசியிலிருந்து ஆனி வரை நன்றாகக் கத்தும். பௌர்ணமியை ஒட்டிய நாளாக வைத்துக்கொள்ளுங்கள். நிலா வெளிச்சத்தில் பூச்சி நன்றாகத் தெரிவதால் அதிக நேரம் சுறுசுறுப்பாக இருக்கும், குரலும் அதிகம். பெற்றோரில் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, சூரியன் விழுவதற்கு அரை மணி முன்பே போய் உட்காருங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் கட்டுங்கள். போனில் குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிட வேண்டாம். வேறொரு சேவல் வந்துவிட்டது என்று நினைத்து முட்டையை விட்டுவிட்டு எழுந்து வரும்.

காக்காய் அடங்கும். அப்புறம் ஆந்தை ஒன்றிரண்டு கத்தும். பிள்ளைகள் ‘எங்கே சார், எங்கே மிஸ்’ என்று பொறுமை இழக்கும் நேரத்தில்தான் முதல் கோலிக்குண்டு விழும். என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரட்டில் நேற்று ஆறு ஐம்பதுக்கு விழுந்தது.